சபை நண்பருக்கு ஜாமீன் கையெழுத்து: வேதம் இரண்டு பக்கமும் பேசுகிறதே, எதைக் கேட்பது?

நெல்லைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக எங்கள் வீட்டில் ஒரே வாக்குவாதம். என் வீட்டுக்காரர் அரசுப் பள்ளியில் ஆசிரியர். அவருடைய ஜெபக்குழு நண்பர் ஒருவர் கோழிப்பண்ணை வைக்க எட்டு லட்சம் கடன் கேட்டிருக்கிறார், வங்கியில் ஜாமீன்தாரர் வேண்டும் என்கிறார்களாம், அரசுச் சம்பளக்காரர் என்றால் உடனே முடியும் என்று இவரிடம் வந்து நிற்கிறார். நல்ல மனிதர்தான், எங்கள் மாமனார் இறந்தபோது ராத்திரி முழுக்க எங்களோடு இருந்தவர், அதை மறக்க முடியாது. ஆனால் இதற்கு முன் அவர் தொடங்கிய இரண்டு தொழிலும் நிற்கவில்லை. எங்களுக்கு வீட்டுக் கடன் ஓடுகிறது, மகள் பிளஸ் டூ.

கடனுக்காகப் பிணைப்படுகிறவர்களில் ஒருவனாகாதே என்கிற நீதிமொழிகள் 22:26ஐ நான் காட்டினேன். அவர் நீதிமொழிகள் 3:5ஐக் காட்டுகிறார், "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" என்று. ஒரே புத்தகத்திலிருந்து இரண்டு பேரும் வசனம் எடுத்து அடித்துக்கொள்கிறோம். நண்பரோ, "பிரதர், விசுவாசம் இருந்தால் கை நடுங்காது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு வார்த்தை இவரைப் பிடித்துக்கொண்டது. புத்தியாக நடப்பது விசுவாசக் குறைவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விசுவாசி77:
ஸ்தோத்திரம் அக்கா. அண்ணனைத் தடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். "உன்னிடத்தில் கேட்கிறவனுக்குக் கொடு, உன்னிடத்தில் கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே" என்று சொன்னது நீதிமொழிகள் சொன்ன சாலொமோன் இல்லை, இயேசு. மத்தேயு 5:42. கேட்கிறவனுடைய பழைய தொழில் கணக்கைப் பார், சொத்து மதிப்பைப் பார் என்று அங்கே எழுதவில்லை. எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நன்மை செய்வோம் என்றால் பஞ்சத்தில் சாறிபாத் ஊர் விதவை கையில் இருந்த கடைசிப் பிடி மாவை எலியா தீர்க்கதரிசிக்குக் கொடுத்திருக்கவே மாட்டாள். பிரசங்கி 11:4ஐயும் வாசியுங்கள், "காற்றைக் கவனிக்கிறவன் விதைக்கமாட்டான், மேகங்களை நோக்குகிறவன் அறுக்கமாட்டான்." நம் ஆட்கள் பாதிப் பேர் இப்படி மேகத்தைப் பார்த்தே ஆயுசைக் கழித்துவிட்டார்கள்.

ரிட்டையர்டு கேஷியர்:
அம்மா, நான் வேத பண்டிதன் இல்லை. வங்கிப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் கையெழுத்து போடுகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைச் சாட்சிக் கையெழுத்து என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 128. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அதே அளவு பொறுப்பு. முதலில் அவரைத் துரத்திவிட்டு, அவரிடம் ஒன்றும் இல்லை என்று ஆன பிறகுதான் உங்களிடம் வரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் வங்கிக்குக் கிடையாது. யாரிடம் சுலபமாக வசூலாகுமோ அங்கே போவார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வாத்தியாரா, பண்ணையைப் பூட்டிவிட்டு ஊர் மாறிய ஆளா, நீங்களே சொல்லுங்கள். கோர்ட் மூலம் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடிக்க முடியும். தவணை தவறினால் உங்கள் சிபிலும், அதாவது கடன் நாணய மதிப்பெண்ணும், அடிபடும், நாளைக்கு மகளுக்குக் கல்விக் கடன் என்று போய் நின்றால் அது முன்னால் வந்து நிற்கும்.

நீங்கள் கட்டித் தீர்த்தால் அப்புறம் அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும் உரிமை சட்டப்படி உங்களுக்கு உண்டு. சபை நண்பர் மேல் யார் வழக்குப் போடப் போகிறீர்கள்?

தேரிக்காட்டான்:
கேஷியர் அண்ணாச்சி சொன்னது அப்படியே நீதிமொழிகளில் இருக்கிறது. "செலுத்த உனக்கு ஒன்றுமில்லாதிருந்தால், நீ படுத்திருக்கும் படுக்கையையும் அவன் எடுத்துக்கொள்ளவேண்டியதாகுமே." 22:27. நெல்லைக்காரி தங்கச்சி 26ஆம் வசனத்தோடு நிறுத்தியிருப்பாள், அடுத்த வசனத்தையும் வீட்டில் வாசித்துக் காட்டட்டும்.

எங்கள் தாத்தா பனையேறி. சாத்தான்குளம் பக்கத்துத் தேரி, செம்மணல் காடு. விடியுமுன் ஜெபம் பண்ணாமல் மரத்தடிக்குப் போகமாட்டார், அதே மனுஷன் மரமேறக் காலில் போடுகிற தளைநாரை இழுத்து இழுத்துப் பார்க்காமல் மாட்டவும் மாட்டார். பதநீர் காலத்தில் காய்ச்சிய கருப்பட்டி முழுவதையும் அன்றைய விலைக்கே கொடுத்துவிடாமல் கொஞ்சத்தைப் பரணில் ஏற்றி வைப்பார், ஐப்பசி, கார்த்திகை மழையில் விலை ஏறும்போது இறக்குவார். அவரைப் பார்த்து விசுவாசம் குறைந்தவர் என்று எந்த உபதேசியாரும், அதாவது சபை ஊழியரும், சொன்னதில்லை. விசுவாசி77 தம்பி, மேகத்தைப் பார்த்துக்கொண்டே உட்காராதே என்றுதான் பிரசங்கி சொல்கிறான். அதே அதிகாரம் 2ஆம் வசனத்தில், பூமியின்மேல் என்ன ஆபத்து வரும் என்று உனக்குத் தெரியாது, அதனால் ஏழு பேருக்கும் எட்டுப் பேருக்கும் பங்கிட்டுக்கொடு என்கிறான். ஒரே ஆளுடைய ஒரே கோழிப்பண்ணையில் கொண்டுபோய்க் கொட்டு என்று எங்கே இருக்கிறது?

விசுவாசி77:
அண்ணாச்சி, மரியாதையாகவே சொல்கிறேன். நம் திருநெல்வேலிச் சபை வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று தீர்மானித்து அத்தனை பிள்ளைகளை வளர்த்தார்கள். பட்ஜெட் போட்டா செய்தார்கள்? இடையன்குடிக் கோயிலை மிஷனரி கால்டுவெல் ஐயர் 1847இல் தொடங்கி 1880இல்தான் முடித்தார். 33 வருஷம். முழுப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்கியிருந்தால் அவ்வளவு காலம் ஆகுமா? இன்றைக்கு இருக்கிற கணக்குப்பிள்ளைகளிடம் கேட்டிருந்தால் அஸ்திவாரக் கல்லே விழுந்திருக்காது.

உபதேசியார் மகன்:
தம்பி நல்ல உதாரணங்களாக எடுத்திருக்கிறார், ஆனால் அவற்றை முழுதாகப் பார்க்கவேண்டும். ஏமி அம்மையார் மனிதரிடம் கேட்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தார்கள், உண்மை. அந்த வைராக்கியத்துக்கு விலை கொடுத்தது யார்? அவர்கள்தான். 1895இல் இந்தியா வந்தவர்கள், 1951இல் டோனாவூரிலேயே அடக்கம் பண்ணப்படும் வரை திரும்பிப் போகவே இல்லை. இன்னொருவருடைய சம்பளச் சான்றை வாங்கி வைத்துக்கொண்டு அவர்கள் விசுவாசம் காட்டவில்லை. அங்கே ஆஸ்பத்திரியும் கட்டினார்கள், டாக்டர்களும் இருந்தார்கள், ஜெபம் மட்டும் போதும் என்று விட்டுவிடவில்லை.

இடையன்குடியில் பணம் வந்தபோது வேலை நடந்தது, வராதபோது இழுத்தது. 33 வருஷம் பொறுத்ததைத்தான் நான் அதில் பார்க்கிறேன். உங்கள் நண்பர் 33 நாள் பொறுக்கத் தயாரா என்று கேட்டுப் பாருங்கள்! இன்னொன்றும் சொல்கிறேன், மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையில் இருந்த காலத்தில், புதிதாகச் சபைக்கு வந்தவர்களை ஊரை விட்டு விரட்டினார்கள், குடிசைகளை இடித்தார்கள். அவர் ஜெபிக்கச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1830இல் தர்ம சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தி, சபையாரிடமே பணம் சேர்த்து நிலம் வாங்கிக் குடியேற்றினார்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து வாங்குவது விசுவாசத்துக்கு விரோதம் என்றால் நம்முடைய பாதி ஊர்கள் இன்றைக்கு இல்லை.

நெல்லைக்காரி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். ஜாமீன் நிற்பதை வேதம் ஒரேயடியாகத் தடுக்கவில்லை. யூதா தம்பி பென்யமீனுக்காகத் தகப்பனிடம் நின்றான், "அவனுக்காக நான் உத்தரவாதம்பண்ணுவேன்; அவனை என்னிடத்திலே கேளும்" என்று ஆதியாகமம் 43:9இல் சொல்கிறான். பவுல் பிலேமோனின் அடிமை ஒநேசிமுவுக்காக நின்றார், அவன் பட்ட கடனை "என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று பிலேமோனுக்கு எழுதுகிறார். எபிரெயர் 7:22 இயேசுவையே பிணையாளி என்கிறது. ஆனால் இந்த மூன்றிலும் ஒன்றைக் கவனியுங்கள். யாரும் "எப்படியும் அவன் கட்டிவிடுவான், எனக்கு ஒன்றும் வராது" என்று நம்பிக் கையெழுத்துப் போடவில்லை. யூதா 44ஆம் அதிகாரத்தில் வந்து, தம்பிக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்று நிஜமாகவே நிற்கிறான். பவுல் "பவுலாகிய நான் இதை என் சொந்தக் கையாலே எழுதினேன், நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன்" என்று எழுதுகிறார். செலுத்தப் போவது தாங்கள்தான் என்று தெரிந்தே நின்றார்கள். எட்டு லட்சத்தையும் வட்டியையும் நானே கட்டுவேன், அவர்மேல் மனஸ்தாபம் இல்லாமல் கட்டுவேன் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்ல முடிந்தால், அதற்கு வழியும் இருந்தால், அது விசுவாசச் செயல்தான், நானே வாழ்த்துவேன். தனக்கு ஒன்றும் வராது என்று நினைத்துப் போடுவதற்கு வேதத்திலிருந்து பெயர் வைக்காதீர்கள்.

டூட்டி நர்ஸ்:
இதெல்லாம் சரி, இதே வாயால் சில பேர் இன்ஷூரன்ஸ் எடுப்பது அவிசுவாசம், சுகர் மாத்திரை போடுவது அவிசுவாசம் என்கிறார்களே, அதையும் பேசுங்கள். ராத்திரி டூட்டியில் பார்த்துப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வருகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டுக் காலில் புண்ணோடு வருவார்கள். வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டித் தருகிறேன் என்று கர்த்தரே சொன்ன பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைத்துக் கட்டச் சொன்னார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் மருந்து சொல்லியிருக்கிறார். லூக்கா வைத்தியர். நம் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தில் மிஷனரிகள் அந்தக் காலத்திலேயே கட்டிய ஆஸ்பத்திரிக்கு அவர் பெயர்தானே வைத்திருக்கிறார்கள்.

விசுவாசி77:
ஆசா ராஜா தன் வியாதியில் கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளையே தேடினான் என்று இரண்டாம் நாளாகமம் 16இல் இருக்கிறதே நர்ஸ் அக்கா, அதை விட்டுவிட்டீர்கள்.

டூட்டி நர்ஸ்:
விடவில்லை தம்பி. டாக்டரிடம் போனது அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை, கர்த்தரைத் தேடாமல் விட்டதுதான். முந்தின பத்தியில் சீரியா ராஜாவுக்குப் பணம் அனுப்பித் தப்பித்தான் என்று வருகிறது, அதே ஆளுடைய அதே குணம்.

தேரிக்காட்டான்:
இழை வேறு பக்கம் போகிறது. ஜாமீனைப் பேசுங்கப்பா.

மணப்பாட்டுக்காரன்:
நான் கத்தோலிக்கன், கடற்கரைக்காரன், கொஞ்சம் இடம் கொடுங்கள். எங்கள் வேதாகமத்தில் சீராக்கின் ஞானம் என்று ஒரு புத்தகம் உண்டு, உங்கள் பதிப்பில் இருக்காது. அதில் 29ஆம் அதிகாரம் இதே விஷயத்தைத்தான் பேசுகிறது. நல்லவன் அயலானுக்குப் பிணை நிற்பான் என்று தொடங்குகிறது, நின்றவனுடைய உதவியை மறக்காதே, உனக்காகத் தன்னையே கொடுத்தவன் அவன் என்று கடன் வாங்குகிறவனுக்கும் புத்தி சொல்கிறது, அப்புறம் பிணை நின்றே அழிந்துபோன பணக்காரர்கள் பலர், கடல் அலையில் பட்டவர்கள் போல அலைக்கழிந்தார்கள் என்கிறது. கடைசியில், முடிந்த அளவு அயலானுக்கு உதவு, நீயும் விழுந்துவிடாதபடி பார்த்துக்கொள். 8ஆம் அதிகாரத்தில் இன்னும் நேராக, உன் சக்திக்கு மிஞ்சிப் பிணை நிற்காதே, நின்றுவிட்டால் நீயே கட்டவேண்டும் என்று நினைத்துக்கொள் என்று இருக்கிறது. கேஷியர் சார் சொன்ன பிரிவு 128தான்!

அப்புறம் அப்போஸ்தலர் 27, பவுல் போன கப்பல் புயலில் சிக்கிய கதை. கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்ததால் எனக்கு அந்த அதிகாரத்தின்மேல் தனிப் பிரியம். ஒருவருக்கும் பிராணச்சேதம் வராது, கப்பல் மட்டும்தான் சேதமாகும் என்று தூதன் வந்து சொல்லியாயிற்று. பவுலும் அதைக் கப்பலில் இருந்த 276 பேருக்கும் தைரியமாகச் சொல்கிறார். அதன் பிறகு ராத்திரியில் மாலுமிகள் நங்கூரம் போடுகிற சாக்கில் படகை இறக்கித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். அப்போது பவுல் என்ன சொல்கிறார்? "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப்பிழைக்கமாட்டீர்கள்." வாக்குத்தத்தம் கையில் இருக்கிறது, ஆனாலும் கப்பல் ஓட்டத் தெரிந்தவன் வேண்டும். எல்லோரையும் சாப்பிடச் சொல்கிறார், மிச்சக் கோதுமையைக் கடலில் கொட்டிக் கப்பலை லேசாக்குகிறார்கள். அதே அதிகாரத் தொடக்கத்தில், குளிர்காலம் நெருங்குகிறது, இப்போது புறப்படவேண்டாம் என்று முதலில் எச்சரித்ததும் அவர்தான். நூற்றுக்கு அதிபதி கேட்கவில்லை. எங்கள் ஊரில் அந்தோனியாருக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போகிறவனும் வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டுத்தான் போகிறான்.

விசுவாசி77:
எல்லோரும் சேர்ந்து என்னை மூலையில் தள்ளுகிறீர்கள். சரி, ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். சாறிபாத் விதவை தன் மாவை மட்டும் பணயம் வைக்கவில்லை, தன் மகனுடைய பங்கையும் சேர்த்துத்தான். "நானும் என் குமாரனும் சாப்பிட்டுச் செத்துப்போக" என்கிறாள். எலியா "முதலாவது எனக்கு" என்கிறார். நீங்கள் சொல்கிற விவேகத்தின்படி ஒரு தாய் அதைச் செய்திருக்கக் கூடாது. ஆனால் வேதம் அவளைத்தான் புகழ்கிறது. பிள்ளைக்கு வேண்டும், வீட்டுக்கு வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே நாம் யாருக்கும் எதுவும் செய்யாமல் போய்விடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். நம் சபைகளில் எத்தனை பேர் ஒரு நல்ல வேலைக்குப் பத்தாயிரம் இல்லாமல் கந்துவட்டிக்காரனிடம் போய் மாட்டுகிறார்கள்? அவர்களுக்கு நீதிமொழிகள் வாசித்துக் காட்டி அனுப்புவதா?

உபதேசியார் மகன்:
கடைசியில் கேட்ட கேள்வி நியாயமானது, இந்த இழையிலேயே கனமான கேள்வி என்று நினைக்கிறேன். யாக்கோபு 2ஆம் அதிகாரம் அதைத்தான் கேட்கிறது, குளிர் காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம்?

விதவை விஷயத்தில், கர்த்தர் எலியாவை அனுப்பும்போதே, உன்னைப் பராமரிக்கும்படி அங்கே ஒரு விதவைக்குக் கட்டளையிட்டேன் என்கிறார். பானை மாவு தீராது என்கிற வாக்கும் கூடவே வருகிறது. நண்பருடைய கோழிப்பண்ணைக்கு அப்படி ஒரு வாக்கு வந்திருப்பதாகத் தெரியவில்லை. வராத வாக்கை வந்ததாக வைத்துக்கொண்டு குதிப்பதைத்தான் பிசாசு தேவாலயத்து உப்பரிகையில் நின்று இயேசுவிடம் கேட்டான். அவனும் 91ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகத்தான் சொன்னான்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். விவேகம் என்ற பெயரில் கஞ்சத்தனம் ஒளிந்துகொள்ளும். லூக்கா 12இல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்டவன் திட்டமிடத் தெரியாதவன் இல்லை, அருமையான கணக்கு. அவனைத்தான் தேவன் மதிகேடனே என்றார்.

டூட்டி நர்ஸ்:
அக்கா, உங்களிடம் ஒன்று. "புருஷனுக்குக் கீழ்ப்படி" என்று யாராவது இதற்குள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அபிகாயிலை வாசியுங்கள், ஒன்று சாமுவேல் 25. வீட்டுக்கு ஆபத்து வருகிறது என்று தெரிந்ததும் இருநூறு அப்பத்தைக் கழுதையில் ஏற்றிக்கொண்டு அவளே புறப்பட்டாள். தாவீது அவளுடைய யோசனையை ஆசீர்வதித்தான். உங்கள் வீட்டில் இருப்பவர் அவளுடைய முரட்டுப் புருஷன் நாபால் இல்லை, நல்ல மனுஷன், இரக்கம் உள்ளவர், அதனால் கழுதையெல்லாம் வேண்டாம், உட்கார்ந்து பேசினால் போதும். 😀

நெல்லைக்காரி:
நர்ஸ் தங்கச்சி, சிரித்துவிட்டேன். எல்லாப் பதிலையும் நேற்று ராத்திரி அவரிடம் வாசித்துக் காட்டினேன். பவுல் எழுதியதைக் கேட்டபோதுதான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன் என்று என்னால் எழுத முடியாது, நம்மிடம் அவ்வளவு இல்லை" என்றார். விசுவாசி77 தம்பி சொன்னதையும் அவர் விடவில்லை, ஒன்றும் செய்யாமல் கைகழுவ மனசு வரவில்லை என்கிறார். எனக்கும்தான். யோசித்து, பண்டிகைக்கு எடுத்து வைத்ததும் என் சீட்டுப் பணமும் சேர்த்து ஐம்பதாயிரம் திரும்பி வராது என்று நினைத்தே கொடுத்துவிடலாம், ஜாமீன் மட்டும் வேண்டாம் என்று முடிவு பண்ணியிருக்கிறோம். லூக்கா 6இல் "கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள்" என்று இருக்கிறது, எங்களால் முடிகிற அளவு அது. ஞாயிறு ஆராதனை முடிந்து அவரே நேரில் சொல்வதாகச் சொல்கிறார்.

தேரிக்காட்டான்:
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சும்மாவா சொன்னார்கள். ஐம்பதாயிரத்தில் ஐம்பது குஞ்சோடு சின்னதாகத் தொடங்கச் சொல்லுங்கள், எட்டு லட்சம் எதற்கு முதலிலேயே? பண்ணை வைத்திருக்கிற ஆள் ஒருத்தர் எங்கள் பக்கம் உண்டு, பார்க்க வருவதென்றால் கூட்டிப் போகிறேன்.

விசுவாசி77:
எனக்கு முழுத் திருப்தி இல்லை அக்கா, மறைக்கவில்லை. அந்த அண்ணன் மனசு உடைந்துதான் போகும். ஆனால் வெறும் கையாக அனுப்பவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம். அவருக்காக ஜெபிக்கிறேன். தேரிக்காட்டான் அண்ணாச்சி கூட்டிப் போவது மெய்யானால் என்னையும் கூப்பிடுங்கள், எனக்கும் அந்த யோசனை இருக்கிறது.

ரிட்டையர்டு கேஷியர்:
அம்மா, ஞாயிறு வரை காத்திருக்கும் முன் ஒன்று கேளுங்கள். சம்பளச் சான்று, ஆதார் நகல், போட்டோ ஏதாவது ஏற்கெனவே கொடுத்துவிட்டாரா? "ஃபார்ம் மட்டும் போட்டு வைப்போம்" என்று வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா? கொடுத்திருந்தால் திருப்பி வாங்கவேண்டும், வங்கிக்குப் போய்விட்டது என்றால் நான் ஜாமீன் நிற்கவில்லை என்று கிளை மேலாளருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். கடன் கைக்கு வந்த பிறகு விலகுவது அநேகமாக நடக்காது, அவர் வேறு ஜாமீன்தாரரைக் கொண்டுவந்து வங்கியும் சம்மதித்தால்தான் உண்டு.

நெல்லைக்காரி:
சம்பளச் சான்றும் ஆதார் நகலும் போன வாரமே கொடுத்துவிட்டாராம். கையெழுத்து எதிலும் போடவில்லை என்கிறார். நாளைக் காலை பள்ளிக்குப் போகிற வழியில் வாங்கிவிடச் சொல்கிறேன், வங்கிக்குப் போயிருந்தால் கடிதம் எப்படி எழுதுவது என்று இங்கேயே கேட்கிறேன் சார்.

ரிட்டையர்டு கேஷியர்:
கேளுங்கள். மாதிரிக் கடிதம் டைப் பண்ணி வைக்கிறேன்.